நர்சரி பைன் கன்றிலிருந்து போன்சாய்: பெங்களூரு மொட்டைமாடியில் முதல் மூன்று ஆண்டுகள்

பெங்களூரில் ஒரு பைன் கன்று செத்துப்போனால் வெயிலைக் குறை சொல்வார்கள், இல்லையென்றால் தண்ணீரை. பெரும்பாலும் காரணம் வேறு. வாங்கிய வாரமே கிளையைக் கழித்து, வேரை வெட்டி, கம்பி சுற்றி, ஆழமில்லாத போன்சாய் தட்டில் உட்கார வைத்துவிடுவதுதான். ஆலும் அத்தியும் அந்த அடியை வாங்கிக்கொண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். பைன் அப்படியல்ல. ஊசியே இல்லாத பழைய கட்டையில் அது பொதுவாகத் துளிர்ப்பதில்லை. வேரையும் ஊசியையும் ஒரே நாளில் இழந்தால், மீண்டு வருவதற்கு அதனிடம் கையிருப்பு எதுவும் இருக்காது.

அதனால் ஆண்டுக்கு ஒரு பெரிய வேலைதான். முதல் ஆண்டு பாதி வேர். இரண்டாம் ஆண்டு கிளையும் கம்பியும். மூன்றாம் ஆண்டு மீதி வேர். அழகான தட்டு அதற்கும் பிறகு.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவற்றில் கிளையை முதலில் வடிவமைத்துவிட்டு வேருக்குப் பிறகு போகச் சொல்லியிருக்கும். அங்கே நர்சரித் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் மரப்பட்டை கலந்த, நீர் வடியும் கலவை. இங்கே பையில் இருப்பது செம்மண், அதுவும் கெட்டியான களி. ஊசிகளைக் குறைத்தால் மரம் உறிஞ்சும் நீர் குறையும். களிமண் காய எடுக்கும் நேரம் கூடும். ஜூன் மழை வரும்போது வேர் மூச்சுத் திணறி அழுகும். கிளை வெட்டியதால் செத்தது போலத் தெரியும், உண்மையில் செத்தது வேர். நம் ஊருக்கு வேர்தான் முதலில்.

முதலில், அது பைன்தானா?

சித்தாபுரத்தில் லால்பாக்கை ஒட்டியிருக்கும் நர்சரிகளிலோ, ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க்கண்காட்சி நடக்கும்போது போடும் கடைகளிலோ “பைன் இருக்கா” என்று கேட்டுப்பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேர் கிறிஸ்துமஸ் மரத்தைக் காட்டுவார்கள். அது அரவுகேரியா. தடியைச் சுற்றி அடுக்கு அடுக்காக, அளந்து வைத்தாற்போல் கிளை விடும் அழகான செடிதான், ஆனால் பைன் இல்லை. நடுத்தண்டை வெட்டினால் அந்த அடுக்கு அமைப்பு குலைந்துபோகும், பிறகு சேராது. போன்சாய்க்கு அதை விட்டுவிடலாம். துஜாவையும் சைப்ரஸையும்கூட சில கடைகளில் பைன் என்றே விற்கிறார்கள். அவற்றின் இலை செதில் செதிலாக இருக்கும்.

உண்மையான பைனைக் கண்டுபிடிக்க ஊசிகளின் அடியைப் பாருங்கள். வளர்ந்த பைனில் ஊசிகள் தனித்தனியாக இருக்காது; இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகச் சேர்ந்து, அடியில் காகிதம் போன்ற ஒரு சிறு உறையிலிருந்து கிளம்பும். ஒரு கொத்தைப் பிடுங்கி, உறையை நகத்தால் பிரித்து எண்ணினால் போதும். மிக இளம் நாற்றுகள் மட்டும் விதிவிலக்கு. சிர் பைன் நாற்றில் முதலில் ஒற்றை ஒற்றையாக, நீலம் பாய்ந்த வெளிறிய பச்சையில் ஊசிகள் வரும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இங்கே தேடினால் கிடைக்கக்கூடியவை சில. சிர் பைன் இமயமலை அடிவாரத்து மரம். மூன்று ஊசி, வளர்ந்தால் ஊசி 20 முதல் 30 செ.மீ. நீளம் வரும். வெயிலைத் தாங்குவதில் கெட்டிக்காரன். கரீபியன் பைன் சமவெளி வெப்பத்துக்கே பழகியது. காசி பைன் மேகாலயாவின் காசி மலைப்பக்கத்தைச் சேர்ந்தது. அதன் ஊசி மெல்லியது. ஜப்பானியக் கருப்பு பைன் என்ற பெயரில் எதையாவது நல்ல விலைக்குக் காட்டினால் இரண்டு அடையாளம் பாருங்கள்: உறைக்கு இரண்டே ஊசி, கிளை நுனி மொட்டு வெள்ளைப் பட்டுப் போலிருக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

ஊசி நீளத்தைப் பார்த்துத்தான் மரத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். 20 செ.மீ. ஊசியுள்ள சிர் பைனை ஒரு சாண் உயர போன்சாயாக்க நினைத்தால் விளக்குமாறு நட்டு வைத்த மாதிரிதான் இருக்கும். அதற்கு 60 முதல் 90 செ.மீ. உயரம் வைத்துக்கொள்ளுங்கள். வளர வளர ஊசி குறுகும், ஆனாலும் ஓரளவுக்குத்தான்.

ஊட்டி, கொடைக்கானல் போய்விட்டு வரும்போது சாலையோரத்தில் தொங்கு ஊசியோடு நிற்கும் நாற்றைப் பிடுங்கி வருகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் படுலா பைன். குளிர்ந்த மலைக்காகவே நட்டது. பெங்களூரு ஏப்ரலில் வாடும். வனத்துறை நிலத்தில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பது தனி விஷயம்.

எந்தக் கன்று

உயரமான கன்றை எடுக்காதீர்கள். நர்சரிக்காரர் உயரத்துக்கு விலை வைப்பார்; உங்களுக்கு வேண்டியது தடிமன். மண்ணை விரலால் 3 முதல் 5 செ.மீ. ஆழம் கிளறிப் பாருங்கள். பை மாற்றும்போதெல்லாம் கழுத்துவரை மண் போட்டு நிரப்புவது இங்கே வழக்கம், அதனால் தடி விரிந்து வேராகும் இடம் உள்ளே புதைந்திருக்கும். அந்த விரிவு நாலு பக்கமும் ஓரளவு சமமாக இருந்தால் மற்றக் குறைகளை மன்னிக்கலாம். ஒரே பக்கம் பருத்த வேர், அல்லது தடியைச் சுற்றிப் பாம்பாக வளைந்த வேர் என்றால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அடுத்து, கீழ்க்கிளை. மண்ணிலிருந்து 8, 10 செ.மீ. உயரத்திலேயே உயிருள்ள கிளை இருக்க வேண்டும். அந்தக் கிளையில் தடிக்கு அருகிலேயே பச்சை ஊசிகள் இருக்க வேண்டும். நெருக்கி அடுக்கிய வரிசையின் நடுவில் வளர்ந்த கன்றுகளுக்குக் கீழே வெளிச்சம் கிடைத்திருக்காது. கீழ்ப்பாதி மொட்டையாகவும் நுனியில் மட்டும் குஞ்சமாகவும் இருக்கும். அப்படிப்பட்ட கன்றைப் பின்னால் சரி செய்வது அநேகமாக நடக்காத காரியம். வரிசையின் ஓரத்தில், வெயில் பட்ட பக்கம் நிற்பவற்றில் தேடுங்கள். கோணலாக வளர்ந்ததால் யாரும் வாங்காமல் விட்ட கன்று பல நேரம் நமக்கு நல்ல சரக்கு.

கடைசியாகத் தடியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். மண்கட்டியோடு சேர்ந்து ஆடினால் நல்லது. தடி மட்டும் தனியாக ஆடினால் நேற்று பை மாற்றியிருப்பார்கள், அல்லது வேர் அழுகியிருக்கும். இரண்டுமே வேண்டாம்.

வாங்கி வந்ததும் ஒரு மாதம் எதுவும் செய்யாமல் உங்கள் மாடி வெயிலுக்குப் பழகவிடுங்கள். மேலே கூடுதலாக இருக்கும் மண்ணைக் கிளறி எடுத்துவிடலாம், அவ்வளவுதான். நேரடி வெயில் தினம் 5, 6 மணி நேரமாவது விழாத பால்கனியாக இருந்தால் பைனை விட்டுவிட்டு ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) வளர்ப்பது புத்திசாலித்தனம்.

மண் கலவை

பைனுக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் வேண்டாம். வேண்டியது 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள, உடையாத சில்லுகள். நடுவில் காற்று ஓட வேண்டும், சில்லு கொஞ்சம் ஈரம் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

30 செ.மீ. வாய் அகலம், 12 செ.மீ. ஆழமுள்ள ஒரு கூடைக்குக் கன்றின் வேர்க்கட்டி போக ஆறு லிட்டர் அளவில் கலவை போதும். செங்கல் சில்லு 3 லிட்டர், பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல் 2 லிட்டர், மரக்கரி சில்லு அரை லிட்டர், இதோடு பழைய பையில் வேரோடு ஒட்டியிருந்த மண்ணில் இரண்டு கைப்பிடி. பியூமிஸ் இணையத்தில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் எம்-சாண்டை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை எடுத்துக்கொள்ளலாம். கனம் கூடும், மாடியில் தூக்கி நகர்த்துவதுதான் சிரமம்.

செங்கல்லில் ஒரு கவனம். அரைவேக்காட்டுக் கல் ஆறு மாதத்தில் கரைந்து களியாகிவிடும். நாலைந்து சில்லுகளை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விரலிடுக்கில் நசுக்குங்கள். நசுங்கினால் அந்தக் கல் வேண்டாம். நன்றாக வெந்த, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லைக் கோணியில் போட்டு உடையுங்கள். சலித்த பிறகு பாதிதான் தேறும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் தெளிந்து வரும்வரை எல்லாவற்றையும் கழுவுங்கள். கழுவ அலுத்துப்போய் தூசியோடு போட்டால் அது முழுக்க அடியில் இறங்கி, சிமெண்ட் பூசியது போல் வடிகாலை அடைத்துவிடும். இந்த வேலையில் கழுவுவதுதான் அலுப்பு, ஆனால் அதைத்தான் விடக்கூடாது.

பழைய மண்ணில் கைப்பிடி சேர்ப்பது சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல. பைன் வேரோடு கூட்டு சேர்ந்து வாழும் பூஞ்சை ஒன்று உண்டு. வேர்க்கட்டியைப் பிரிக்கும்போது வெள்ளை நூலாம்படை மாதிரி தெரியும், காளான் வாசனை வரும். நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிவிடாதீர்கள். வேருக்கு நீரும் சத்தும் இழுத்துக் கொடுப்பது அதுதான். அது இருந்தால் கன்று நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கூடை என்று சொன்னது காய்கறி கழுவும் பிளாஸ்டிக் வடிகூடைதான். எல்லாப் பக்கமும் துளை இருப்பதால் வேர் சுவரில் மோதிச் சுற்றாது. காற்றுப் பட்ட இடத்தில் நுனி காய்ந்து, பின்னாலிருந்து பொடி வேர்கள் கிளைக்கும். முதல் மூன்று ஆண்டுக்கு எந்த விலையுயர்ந்த தட்டையும்விட இது மேல். வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டில் நொறுங்கத் தொடங்கும். அப்போது அப்படியே இன்னொரு பெரிய கூடைக்குள் இறக்கிவிடலாம்.

பாதி வேர்: ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி நடுவரை

பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பைன் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பிப்ரவரி நெருங்கும்போது கிளை நுனியில் மொட்டு பருக்க ஆரம்பிக்கும். வேர் வேலைக்கு அதுதான் நேரம். மார்ச் கடைசிச் சூடு வருவதற்குள் புது வேர் பிடித்துக்கொள்ள ஐந்தாறு வாரம் கிடைக்கிறது. தவறவிட்டால் ஏப்ரலில் செய்யாதீர்கள். ஜூனில் முதல் மழைக்குப் பின் மேகமூட்டமான வாரம் இரண்டாந்தர வாய்ப்பு. அதுவும் இல்லையென்றால் அடுத்த ஜனவரிதான்.

முந்தின நாள் தண்ணீர் விடுங்கள். அன்று மண் லேசான ஈரத்தோடு, கையில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும். பையைப் பிடித்து இழுக்காமல் கத்தியால் நெடுக்கக் கிழித்து எடுங்கள். மேலிருந்து மண்ணைக் குச்சியால் கிளறி வேர் விரியும் இடம்வரை வாருங்கள். அதற்கு மேலே தடியில் நூல் நூலாக முளைத்த பொடி வேர்களை வெட்டிவிடலாம்.

இப்போது மரத்தை மேலிருந்து பார்த்து, தடி நடுவாக ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் செம்மண் முழுவதையும் எடுக்கப் போகிறீர்கள். மறுபக்கத்தைத் தொடவே கூடாது, ஓரத்தில் ஒரு விரல் அகலம் சுரண்டலாம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் சுத்தமாகக் கழுவிவிட்டால் நீர் உறிஞ்சும் நுனி வேர்களும் பூஞ்சையும் மொத்தமாகப் போய்விடும். பாதியை விட்டுவைத்தால் அது மரத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்க, மறுபாதி புது மண்ணில் வேர் விடும்.

மூங்கில் குச்சியால் தடியிலிருந்து வெளிநோக்கிக் கீறுங்கள். குறுக்கே கீறினால் வேர் தோல் உரியும். இறுகிய களி வரவில்லை என்றால் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அந்தப் பாதியை மட்டும் கரையுங்கள். செங்குத்தாகக் கீழிறங்கும் தடித்த ஆணிவேர் அந்தப் பாதியில் இருந்தால் வெட்டலாம், அதற்கு மேலே பக்க வேர்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு. சுற்றி வளைந்தவற்றை நேராக்கி நீளத்தைக் குறையுங்கள். அன்று மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அடிப்பகுதியை மட்டம் செய்ய வேண்டுமானால் அதுவும் இந்தக் கணக்குக்குள்தான். வேலை நடக்கும்போதெல்லாம் ஒருவர் தெளிப்பானில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பது நல்லது. பிப்ரவரி காற்று வறண்டது, பொடி வேர் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

கூடையின் அடியில் இரண்டு இடத்தில் கம்பியைத் துளை வழியாகக் கோத்து மேலே நீட்டி வையுங்கள். நடுவில் கலவையைக் குவித்து, அதன் மேல் மரத்தை வைத்து, இடமும் வலமும் ஆட்டி அழுத்துங்கள். கம்பியை வேர்க்கட்டிக்கு மேலே குறுக்காக இழுத்து முறுக்கிக் கட்டுங்கள். தடியைத் தூக்கினால் கூடையும் கூடவே எழ வேண்டும். கட்டாமல் விட்டால் ஒவ்வொரு காற்றுக்கும் மரம் ஆடும், புதிதாக முளைத்த வேர் நுனி ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். பிறகு கலவையை நிரப்பி, குச்சியால் குத்திக் குத்தி வேர் இடுக்குகளில் இறக்குங்கள். அடியிலிருந்து தெளிந்த நீர் வடியும்வரை ஊற்றுங்கள்.

மூன்று, நாலு வாரம் 50 சதவிகித நிழல்வலைக்குக் கீழே. அடுத்த இரண்டு வாரம் காலை வெயில் மட்டும். பிறகு முழு வெயில். ஆறு வாரத்துக்கு உரம் கிடையாது. கழித்த பாதி எந்தப் பக்கம் என்று கூடையில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, தேதியும் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து நினைவிருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தண்ணீர்

ஒரு மூங்கில் குச்சியைக் கலவையில் 6 செ.மீ. ஆழம் நிரந்தரமாகச் செருகி வையுங்கள். காலையில் உருவிப் பாருங்கள். நுனி இருண்ட ஈரமாக இருந்தால் வேண்டாம். வெளிறிவிட்டால் ஊற்றுங்கள், ஊற்றினால் நிறைய ஊற்றுங்கள். இதில் சிக்கல் என்னவென்றால் பழைய செம்மண் பாதி இன்னும் ஈரமாக இருக்கும்போதே சில்லுப் பாதி காய்ந்துவிடும். அதனால் முதல் இரண்டு ஆண்டு சில்லுப் பக்கம் கூடுதலாகவும் செம்மண் பக்கம் குறைவாகவும் பார்த்து ஊற்ற வேண்டும். குச்சியையும் இரு பக்கம் இரண்டாகச் செருகுங்கள்.

காவிரி நீர் வரும் பகுதியென்றால் கவலை இல்லை. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கம் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான் என்றால் உப்பு சேரும். கூடை ஓரத்தில் வெள்ளைப் படிவும், புது ஊசிகள் வெளிறி மஞ்சளாவதும் அதன் அடையாளம். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமானால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. வேர் எளிதில் எடுக்கும் வடிவிலுள்ள இரும்புச் செலேட் தற்காலிகத் தீர்வு. மழை நீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறையாவது அதை ஊற்றி உப்பை அலசிவிடுவது நிரந்தரத் தீர்வு.

தொடர்மழை நாட்களில் கூடையின் ஒரு பக்கத்துக்குக் கீழே அரைச் செங்கல் வைத்துச் சாய்த்து விடுங்கள். சாய்ந்திருந்தால் அடியில் தேங்கும் நீர்ப்படலத்தின் உயரம் குறைந்து வேர்க்கட்டியின் பெரும்பகுதி காற்றோட்டத்தில் இருக்கும். ஏப்ரலில் இதற்கு நேர்மாறான பிரச்சினை: மாடித் தரையின் சூடு. கூடையைத் தரையில் வைக்காமல் ஒரு பெஞ்சிலோ இரண்டு ஹாலோ பிளாக் மேலோ ஏற்றி வையுங்கள்.

உரம்

கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் சம அளவு, கொஞ்சம் எலும்புத்தூள். இதை மேலே அப்படியே தூவினால் பூசணம் பூத்து, கரைந்து, சில்லு இடுக்கை அடைக்கும். ஒரு மேசைக்கரண்டி அளவைப் பழைய மல் துணியில் மூட்டை கட்டி, கூடை ஓரமாக மூன்று இடத்தில் வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மார்ச் நடுவில் தொடங்கி நவம்பர்வரை போதும். எலியும் அணிலும் இந்த மூட்டைகளை இழுத்துப் போகும். மேலே கம்பி வலைத் துண்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஊசி நீளமாகிவிடும் என்று பயந்து முதல் மூன்று ஆண்டுகளில் உரத்தைக் குறைப்பது தவறு. இப்போது வேண்டியது வலிமை. குட்டை ஊசி முதிர்ந்த மரத்தில் வர வேண்டிய அழகு. பட்டினி போட்டு அதை வரவழைத்தால் கிளைகள் ஒவ்வொன்றாக உதிரும்.

இரண்டாம் ஆண்டு: கிளையும் கம்பியும்

வேர் வேலைக்குப் பின் வந்த மழைக்காலத்தில் நுனிக் கேண்டில்கள் (மெழுகுவத்தி போல நிமிர்ந்து வரும் புதுத் தளிர்கள்) நன்றாக நீண்டு, ஊசி விரிந்து, அடுத்த மொட்டும் வைத்திருந்தால் அந்த டிசம்பர், ஜனவரியில் கிளையைத் தொடலாம். வளர்ச்சி மந்தமென்றால் இன்னொரு ஆண்டு விட்டுவிடுங்கள்.

பைனில் ஒரே இடத்திலிருந்து நாலைந்து கிளைகள் வட்டமாகக் கிளம்பும். எல்லாவற்றையும் விட்டால் அந்த இடம் வீங்கி, தடி மேலே போகப் போகத் தடிக்கும். பிற்பாடு மறைக்க முடியாத குறை அது. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டை விட்டு மற்றவற்றை எடுங்கள். ஐந்து இருந்தால் இந்த ஆண்டு இரண்டு, அடுத்த ஆண்டு ஒன்று. மரத்தின் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக்கூடாது.

தடி இன்னும் பருக்க வேண்டுமென்றால் உச்சியை வெட்டாதீர்கள். தடியைப் பருக்க வைப்பது அதற்கு மேலே இருக்கும் ஊசிகள்தான். போன்சாய்க்கு வேண்டிய கிளைகளைக் கீழே அடக்கமாக வைத்துக்கொண்டு, உச்சித் தண்டை மட்டும் தன்போக்கில் ஓட விடுங்கள். பக்கத்து ஊசிகளை உருவி வெளிச்சத்தை மறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நினைத்த தடிமன் வந்ததும் அதை அறுத்து எடுக்கலாம். தடிமனுக்கு ஆறு மடங்கு உயரம் என்பது பொதுவான கணக்கு: 5 செ.மீ. தடிக்கு 30 செ.மீ. நீள ஊசிப் பைனில் இதற்கு மேலும் போகலாம்.

ஒரு கிளையைக் குறுக்க வேண்டுமானால் வெட்டும் இடத்துக்குக் கீழே ஊசிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊசியில்லாத பகுதிவரை வெட்டினால் அந்தக் கிளை முழுதும் காய்ந்துவிடும். காயத்துக்கு மஞ்சளோ சாணமோ பூச வேண்டியதில்லை; பைனின் பிசினே அதை மூடிக்கொள்ளும். அந்தப் பிசின் கையிலும் கத்தரியிலும் ஒட்டினால் சோப்பு வேலைக்காகாது. தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்த பிறகு சோப்புப் போடுங்கள்.

கம்பிக்கு அலுமினியம் பழகுவதற்கு எளிது: 1.5, 2.5, 4 மி.மீ. மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி. ஒரே கம்பியில் அருகருகே உள்ள இரண்டு கிளைகளைச் சுற்றுங்கள், நடுவில் தடியை ஒரு சுற்றுச் சுற்றி. அப்போதுதான் பிடிமானம் இருக்கும். 45 டிகிரி சாய்வில், கிளையைத் தொட்டும் தொடாமலும். ஊசிகளைக் கம்பிக்கு அடியில் நசுக்காமல் விரலால் விலக்கிக்கொண்டே போங்கள். வளைக்கும்போது இரண்டு கட்டைவிரலும் வளைவின் உள்பக்கம் அழுந்தி நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். மெல்லிய முறியும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, அப்படியே விட்டுவிடுங்கள். பைன் பெரும்பாலும் அதை ஆற்றிக்கொள்ளும். வளைவு நிலைக்க எட்டு மாதம், ஓர் ஆண்டுகூட ஆகும். மழைக்காலத்தில் கிளை பருத்துக் கம்பி பதிய ஆரம்பிக்கும். ஜூலையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள். எடுக்கும்போது சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

கெட்டுப்போகும் வழிகள்

பைன் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். இதுதான் புதியவர்களை ஏமாற்றுவது. இன்று ஊசி பழுப்பாகிறது என்றால் தவறு நடந்தது நேற்றல்ல, ஒரு மாதம் முன்னால். சந்தேகம் வந்தால் நுனி மொட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகப் பிசுபிசுப்போடு இருந்தால் உயிர் இருக்கிறது. உள்ளே வெற்றாக, உதிர்வதுபோல் இருந்தால் கதை முடிந்தது. ஊசியின் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்த பச்சையாவது முதல் எச்சரிக்கை.

உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. புது ஊசியோ நுனியோ நிறம் மாறினால்தான் கவனிக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை ஊசிகளில் நுண்ணிய வெளிறிய புள்ளிகள் வந்தால் சிலந்திப்பேன். கிளைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டுங்கள்; விழுந்த புள்ளிகள் நகர்ந்தால், விரலால் தேய்க்கும்போது செந்நிறக் கோடு விழுந்தால் அதுதான். காலையில் தண்ணீரை அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். விடாவிட்டால் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கி, மாலையில் மட்டும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் ஊசி கருகும். எறும்பு வரிசை தடியில் ஏறினால் மேலே எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது. ஊசி உறையின் இடுக்கில் பஞ்சு போலத் தேடுங்கள்.

மழைக்காலத்தில் ஊசியில் பழுப்புப் பட்டைகள் விழுந்து நுனிவரை காய்ந்தால் பூஞ்சை. உதிர்ந்ததையும் பட்டதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக்கொல்லியை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் தெளியுங்கள். கலவைக்குள் ஊற்ற வேண்டாம், வேர்ப்பூஞ்சைக்கு ஆகாது. தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட்டாலே இந்தத் தொல்லை பாதி குறையும்.

மூன்றாம் ஆண்டு

மறுபடி ஜனவரி கடைசி. குறி போட்ட பக்கத்தை இப்போது தொடாதீர்கள். எஞ்சியிருக்கும் செம்மண் பாதியை முன்பு செய்தது போலவே எடுங்கள். முதல் ஆண்டு கழித்த, குறி போட்ட பாதியில் பொடி வேர் அடர்ந்து, வெள்ளை நூல் படர்ந்திருந்தால் தைரியமாகச் செய்யலாம். அங்கே வேர் அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது என்றால் மூடிவைத்து, காரணம் தண்ணீரா வெயிலா என்று பார்த்துவிட்டு இன்னும் ஓராண்டு காத்திருங்கள். அந்த ஆண்டு கத்தரி, கம்பி இரண்டும் கிடையாது.

கேண்டிலை முழுதாக வெட்டி இரண்டாம் தளிர் வரவழைக்கும் வேலையை ஜப்பானியக் கருப்பு பைனில் செய்வதைக் காணொளியில் பார்த்துவிட்டுச் சிர் பைனில் உடனே முயற்சி செய்கிறார்கள். அது கிளை அமைப்பு முடிந்து, மரம் கொழுத்து நிற்கும்போது, ஆண்டுக்கு இரு முறை தளிர்க்கும் வகைக்குச் செய்ய வேண்டிய நகாசு வேலை. வளர்ப்புக் கட்டத்தில் மிஞ்சி ஓடும் கேண்டிலைப் பாதியாகக் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன்சாய் தட்டுக்கு மாற்றுவது நாலாம் அல்லது ஐந்தாம் ஆண்டில். முழு வேர்க்கட்டியும் சில்லுக் கலவையில் இருந்து, தடி வேண்டிய பருமனை எட்டி, உச்சித் தண்டை அறுத்த காயம் மூட ஆரம்பித்த பிறகு. தட்டின் ஆழம் தடியின் அடிப்பருமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். பெங்களூரு ஏப்ரலுக்கு ஒரு விரல்கடை கூடுதலாகவே பாருங்கள்.